அடியில் துரு, மேலே கறுப்புப் பூச்சு: பழைய கார் விற்றவரைக் கேட்க முடியுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன், தனியார் பள்ளி ஆசிரியை. 2025 ஜூனில் புதுச்சேரியில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் கார் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். "பாடி கல்லு மாதிரி இருக்கு மேடம். அடியில துருவே கிடையாது. நாங்களே புதுசா ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிச்சிருக்கோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, பளபளவென்று இருந்த அடிப்பாகத்தின் போட்டோவும் அனுப்பினார்கள். அக்டோபரில் வாட்டர் சர்வீஸ் விட்டபோது, டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே அந்தப் பூச்சு உரிந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. சரிசெய்ய 62,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். கன்சல்டிங்கில் கேட்டால், "பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க? ரசீதிலேயே 'உள்ளது உள்ளபடி'ன்னு போட்டிருக்கு. கடலோர ஊர்ல ஓட்டினா துரு பிடிக்காதா? நாங்க வெறும் புரோக்கர்தான்" என்கிறார்கள். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சட்டத்துக்குப் போகும் முன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்தகடு அந்த அளவுக்கு அரித்திருந்தால், அதை ஒட்டிப் போகும் பிரேக் பைப்பும், சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்களும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கடலூர் – புதுச்சேரி சாலையில் பஸ்களுக்கு நடுவே பிரேக் கைவிட்டால் நஷ்ட ஈடு எதற்கும் உதவாது. லிப்ட் உள்ள பட்டறையில் ஏற்றி முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பார்க்கச் சொன்னேனே தவிர, டிங்கரிங் வேலையை ஆரம்பிக்கச் சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். கையில் பில் இருக்கும், ஓட்டை இருக்காது. நுகர்வோர் ஆணையத்தின் முன் எதைக் காட்டுவது?

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு விவகாரத்துக்காகச் செம்மண்டலம் பக்கம் ஒரு பட்டறையில் லிப்டுக்குக் கீழே நின்றேன். மேலே தார் பூசியதுபோல் கறுப்பு ரப்பர் பூச்சு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. டிங்கர் ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் தொப் என்று மாறியது. அங்கே முனையை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் விரலை வைத்தது போல உள்ளே போய்விட்டது. பூச்சைத் தோலாக உரித்து என் கையில் கொடுத்தார். அதன் உட்பக்கம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தத் தோலைக் கவரில் போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வாங்கி வைத்தேன். நோட்டீஸுக்கு மறுப்பு எழுதிய எதிர்த்தரப்பு, அதன் படத்தைப் பார்த்த பிறகு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

உங்கள் விஷயத்திலும் எல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கிறது. பூச்சு முதலா, துரு முதலா? நல்ல தகட்டில் பூச்சு அடித்து அதன் பிறகு துரு பிடித்திருந்தால் விற்றவர் மேல் குறை சொல்ல முடியாது. துருவின் மேலேயே பூச்சு அடித்திருந்தால் கதை வேறு. காரின் அடித்தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருக்கும். என்னதான் உப்புக் காற்று என்றாலும், புதிதாகப் பூச்சு அடித்த நல்ல தகடு 4 மாதத்தில் ஓட்டையாகி உதிர்வது நம்பத்தக்கதாக இல்லை. ஆனால் இதை நீங்களோ நானோ சொன்னால் போதாது. ஒரு ஆட்டோமொபைல் பொறியாளரோ, வாகனச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயரோ பார்த்து எழுதித் தர வேண்டும்.

இனி சட்டம். தெரிந்த குறையைச் சொல்லாமல் இருப்பதும், தெரிந்த குறையை மூடி மறைப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவு, ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டே செயல்பட்டு மறைப்பதை மோசடி என்றே சொல்கிறது. விற்றவர் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால், "சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்று அவர் வாதாட 19-வது பிரிவு இடம் தருகிறது. துரு மேல் பூச்சு அடித்து மறைத்தவருக்கு அந்த வாதம் கிடையாது. அவருக்குத் துரு இருந்தது தெரியுமா என்ற கேள்வி வரும். "நாங்களே கோட்டிங் அடித்தோம்" என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே! அடித்தவர் கண்ணுக்கு அடியில் இருந்தது தெரியாமல் போயிருக்காது. உங்கள் கையில் இருப்பதில் மிக உயர்ந்த சாட்சி அந்த வாட்ஸ்அப் செய்திதான். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றும் சேர்க்க வேண்டியிருக்கும்.

"பார்த்துத்தானே எடுத்தீங்க" என்பதற்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவில் பதில் இருக்கிறது. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் அவர் கேட்க முடியாது. டயர் தேய்மானம், கதவில் கீறல் இதெல்லாம் அந்தக் கணக்கு. தரையில் நிற்கும் காரைச் சுற்றி வந்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவருக்கு ரப்பர் பூச்சுக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? 'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்கு ஓரளவு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 9 வருட வண்டியில் கிளட்ச் போனது, ஏ.சி. குளிரவில்லை என்று நீங்கள் வந்திருந்தால் அந்த வரி உங்களை மடக்கியிருக்கும். மோசடிக்கு அது குடை பிடிக்காது.

புரோக்கர் என்ற சமாதானத்துக்கு ரசீதைப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? பணம் யார் கணக்குக்குப் போனது? கன்சல்டிங் பெயரில் என்றால் அவர்கள்தான் விற்றவர்கள். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். முந்தைய ஆர்.சி. உரிமையாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடும்போது உண்மை வெளியே வரும். ஒரு தனி நபர் தன் சொந்தக் காரை நேராக உங்களுக்கு விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் பொதுவாகப் போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான்.

உங்களுக்கு ஆணையம் திறந்திருக்கிறது, அதுவும் கடலூரிலேயே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய இடம் புதுச்சேரி என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலக்கெடு 2 வருடம். ஓட்டை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட முடியும்தான், ஆனாலும் வாங்கிய நாளிலிருந்து எண்ணி 2027 ஜூனுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடிக்காதீர்கள். தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வண்டியை ஓட்டினால், இருப்பதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று பேசுவார்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ். அதில் இரண்டையும் கேளுங்கள்: வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 3,40,000 தருவது, இல்லையென்றால் பழுதுச் செலவும் நஷ்ட ஈடும். என் அனுபவத்தில் 4 மாதம் ஓட்டி, பெயரும் மாற்றிய வண்டிக்கு முழு விலையும் திரும்பக் கிடைப்பது கடினம். பழுதுச் செலவு, நஷ்ட ஈடு, வழக்குச் செலவு என்பது எட்டக்கூடியது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க ஆணையம் முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். போலீஸில் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் அதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். "இது சிவில் விவகாரம்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்கும் வாய்ப்பே அதிகம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்தடுத்த நாள்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் ஊர்ப் பக்கமும் புகுந்தது. நீங்கள் வாங்கியது அதற்கு 7 மாதம் கழித்து. சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா? கால்மிதியைத் தூக்கி சீட் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பழைய இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் விவரங்களை வரவழைக்கும்படி ஆணையத்திடம் கேட்கலாம். உங்கள் இன்சூரன்ஸில் இந்தத் துருவுக்குப் பணம் கேட்டு மனு போடாதீர்கள். தேய்மானம், அரிமானம் எதுவும் அதில் வராது.

சரி, வழக்கு முடியும் வரை வண்டி துருப்பிடித்துக்கொண்டே நிற்க வேண்டுமா? வேண்டாம். நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்தாரா என்று பாதிக்கப்பட்டவரையும் சட்டம் கேட்கும். ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின் விளக்கம் அதுதான். எனவே வரிசை இப்படி இருக்கட்டும். லிப்டில் ஏற்றி, நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர், கிலோமீட்டர் மூன்றையும் காட்டிவிட்டு, வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள். பொறியாளர் அறிக்கை வாங்குங்கள். 'இந்தத் தேதியில் பழுது பார்க்கப் போகிறோம், வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். வரவில்லையென்றால் வேலையை ஆரம்பிக்கலாம். வெட்டி எடுக்கும் தகட்டையும் உரித்த பூச்சையும் தூக்கிப் போடாமல் வாங்கி வாருங்கள்.

வேலையையும் கவனமாகச் சொல்லிச் செய்யுங்கள். இற்றுப்போன தகட்டை முழுதாக வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டை மேல் ஃபைபரும் பட்டியும் வைத்து மூடினால் உங்களுக்கு நேர்ந்ததையே நீங்களும் செய்தது போலாகும். லேசான மேல்துரு உள்ள இடங்களில் கம்பி பிரஷ் போட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் கோட்டிங். கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதிக்குள் மெழுகு ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், தேவனாம்பட்டினம் மணலுக்கு வண்டியை இறக்கினால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது உப்பைத் தேய்ப்பதற்குச் சமம். ஈரமாக இருக்கும்போது பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள்.

நோட்டீஸ் போன சில நாளில் கன்சல்டிங்கிலிருந்து போன் வரலாம், "பேசி முடிச்சுக்கலாம் மேடம்" என்று. பேசுங்கள், தப்பில்லை. தொகை உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும் முன் 'முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற எந்தத் தாளிலும் கையெழுத்து போடாதீர்கள்.