கிறிஸ்துமஸ் தீவுக்கு டிக்கெட் போடும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறோம். சிவப்பு நண்டுகள் சாலையைக் கடக்கும் காணொளியைப் பார்த்ததிலிருந்து ஒன்பது வயது மகள் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் போய்வரலாமா? நானும் மகளும் சிங்கப்பூர்க் கடப்பிதழ், கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி, கூட வரும் மாமியார் ஜோகூர்க்காரர், வயது 68, ரத்த அழுத்தம் உண்டு. வீட்டில் சைவம். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு மலிவு டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டது, உடனே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்தப் பயணத்தில் கடைசியாக வாங்கவேண்டிய டிக்கெட் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

வரைபடம் சொல்வது பொய்யில்லை. நேர்கோட்டில் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர், ஜாவாவுக்குத் தெற்கே 350 கிலோமீட்டர். ஆனால் வழக்கமான பயணிகள் விமானம் பெர்த்திலிருந்துதான் போகிறது. சாங்கி விமான நிலையத்தில் ஏறி 3,900 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, அங்கிருந்து மறுபடி 2,600 கிலோமீட்டர் வடமேற்கே ஏறவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை. ஜகார்த்தாவிலிருந்து தனி விமானங்கள் விட்டதும் உண்டு. அதை நம்பி ஒரு குடும்பப் பயணத்தைத் திட்டமிட நான் சொல்லமாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. 1958 வரை அந்தத் தீவு சிங்கப்பூரின் நிர்வாகத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. தீவின் பாஸ்பேட் வருமானத்தை இழந்ததற்கு ஈடாக சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். இப்போது பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வரும் கடலடி இணையக் கம்பி அந்தத் தீவைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. இணையத்துக்கு இருக்கும் நேர்வழி நமக்கு இல்லை.

சரி, நண்டுக்கு வருவோம். நீங்கள் எந்தத் தேதியில் போகலாம் என்பதை முடிவு செய்வது பள்ளி விடுமுறை இல்லை, நண்டுதான். அது இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: மழை, நிலா. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பருவத்தின் முதல் நல்ல மழை பெய்ததும் காட்டு மேட்டிலிருந்து நண்டுகள் கடலை நோக்கி இறங்கத் தொடங்கும். முதலில் ஆண்கள், பின்னால் பெண்கள். கடலோரத்தில் ஆண் நண்டு வளை தோண்டும், இணை சேரும், பிறகு காட்டுக்குத் திரும்பிவிடும். பெண் நண்டு மட்டும் அந்த ஈர வளைக்குள் இரண்டு வாரம் போல முட்டையைச் சுமந்துகொண்டு காத்திருக்கும். தேய்பிறைப் பாதி நிலாவை ஒட்டிய நாள்களில், பொழுது விடியுமுன், ஏறிய கடல் வடியத் தொடங்கும் நேரத்தில் வெளியே வந்து முட்டையைக் கடலில் உதிர்க்கும். ஒரு நண்டுக்கு ஒரு லட்சம் முட்டை வரை.

தேய்பிறைப் பாதி நிலா என்றால் என்ன? நம் பஞ்சாங்கத்தில் தேய்பிறை அஷ்டமி. உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், விரல் விட்டே சொல்லிவிடுவார். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இன்னும் சுலபம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. ஆகவே தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தேய்பிறை அஷ்டமி. தீபாவளி கழிந்து மூன்று வாரத்துக்குச் சற்று மேலே போனால் அடுத்தது. நண்டு முட்டையிட வாய்ப்புள்ள நாள்கள் அந்த அஷ்டமியிலோ அதை அடுத்த இரண்டு மூன்று நாளிலோ அமையும். 2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தீபாவளி நவம்பர் 8. ஒரு வாய்ப்பு நவம்பர் முதல் சில நாள்கள், இன்னொன்று டிசம்பர் முதல் சில நாள்கள். இரண்டாவது நம் பள்ளி விடுமுறைக்குள் விழுகிறது.

எந்த மாதம் என்பதை மழை முடிவு செய்யும். மழை சீக்கிரம் வந்தால் நண்டுகள் நின்று நிதானமாக, வழியில் இரை தின்றுகொண்டே இறங்கும். தாமதமாக வந்தால் அவசர அவசரமாக ஓடும். ரொம்பவே தாமதமானால் அடுத்த நிலாவுக்குத் தள்ளிப்போடும். பெருங்கூட்டம் நவம்பரிலேயே வேலையை முடித்துவிட்டாலும், பிந்திய கூட்டம் ஒன்று டிசம்பரில் இறங்குவதுண்டு. ஆனால் காணொளியில் பார்த்த செங்கம்பளம் கிடைக்கும் என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். தீவின் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்கும் தேதிகளை வெளியிடுகிறது. என் தீபாவளிக் கணக்கு விமானத்தைப் பார்த்துவைக்க. பணம் கட்டுமுன் அவர்கள் சொல்லும் தேதியோடு ஒத்துப்பாருங்கள்.

ஐந்து நாள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விமானம் வாரத்தில் சில நாள்தான், சில சமயம் கொக்கோஸ் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போகும். வாங்கினால் அந்த நாள்களில்தான் வாங்கமுடியும். முட்டையிடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் போய், முடிந்து இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது என் ஆலோசனை. காட்டுக்குத் திரும்பும் ஆண் நண்டுகளைப் பகலில் சாலையில் பார்க்கலாம், பெண் நண்டுகளை விடியற்காலையில் கரையில் பார்க்கலாம்.

பெர்த் டிக்கெட்டைக் கடைசியில் வாங்கச் சொன்னதற்கான காரணத்தை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். முதல்முறை நான் போனபோது சிங்கப்பூர் திரும்பும் டிக்கெட்டைத் தனியாக, மலிவாக, தீவிலிருந்து வந்திறங்கும் அதே இரவுக்குப் போட்டிருந்தேன். புறப்படவேண்டிய காலையில் ஓடுபாதை மேகத்துக்குள் கிடந்தது. விமான நிலையம் மேட்டில் இருப்பதால் ஈரப் பருவத்தில் இது சகஜம். எங்களை ஏற்றிக்கொள்ள வந்த விமானம் தலைக்கு மேலே சுற்றும் சத்தம் கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தமும் தேய்ந்து போனது. கவுண்டரில் இருந்த பெண் சாவகாசமாக, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். உள்ளூர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். நான்தான் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் போனது, மலிவு டிக்கெட்டும் போனது.

ஆகவே வரிசை இப்படி: நண்டின் தேதி, அப்புறம் பெர்த்–தீவு விமானம், அது உறுதியான அன்றே தங்குமிடமும் காரும், எல்லாம் கையில் வந்த பிறகு சிங்கப்பூர்–பெர்த். திரும்பும்போது பெர்த்தில் இரண்டு இரவு விட்டுவையுங்கள். விமானம் சரியாக வந்துவிட்டால் அந்த இரண்டு நாளும் மகளுக்குக் கங்காரு பார்க்க. செலவில் பெரும்பங்கு பெர்த்–தீவு டிக்கெட்தான். சிங்கப்பூர்–பெர்த்தைவிட அது அதிகமாக இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

விசா. ஆஸ்திரேலியாவுக்கு உள்ள அதே விதிகள்தான். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்காரர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். கைப்பேசிச் செயலியில் 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் முடியும். உங்கள் கணவருக்கு அது பொருந்தாது. சிங்கப்பூர் நிரந்தரவாசம் இங்கே கைகொடுக்காது. இந்தியக் கடப்பிதழுக்கு 600 பிரிவு வருகையாளர் விசா வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். குடும்பத்தில் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு மூன்று பேர் போன கதையை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். பெர்த்தில் தீவு விமானம் அனைத்துலக முனையத்திலிருந்துதான் கிளம்புகிறது. திரும்பும்போதும் சுங்கச் சோதனை உண்டு. எல்லாருடைய கடப்பிதழும் கைப்பையில் இருக்கட்டும்.

மாமியாரைக் கூட்டிப்போகலாமா? போகலாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. தீவில் சிறிய மருத்துவமனை இருக்கிறது. பெரிய பிரச்சினை என்றால் பெர்த்துக்கு விமானத்தில்தான் கொண்டுபோவார்கள். அந்தச் செலவைச் சொந்தப் பணத்தில் தாங்கமுடியாது. காப்புறுதியில் அவசர மருத்துவ விமானம் சேர்ந்திருக்கிறதா, கிறிஸ்துமஸ் தீவுக்கும் அது செல்லுமா, ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்களா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாத்திரை, பயண நாளைவிடப் பத்து நாளைக்குக் கூடுதலாக.

அவருக்கு அங்கே பொழுது போகுமா என்ற கவலை வேண்டாம். தீவில் மொத்தமே ஏறக்குறைய 1,700 பேர்தான். சீனரும் மலாய்க்காரரும் நிறைய. கடலோரத்தில் கம்போங் என்றே ஒரு பகுதி, மேட்டில் பூன் சான். ஜோகூர்க்காரர் மலாயில் பேச ஆரம்பித்தால் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் நண்பர்கள் கிடைப்பார்கள். கடலலை பாறைத் துளைகள் வழியே பீறிடும் நீரூற்றுப் பாறைகளில் மரப்பாதை இருக்கிறது, மெதுவாக நடக்கலாம். டாலி கடற்கரைக்கு மட்டும் அவரை அழைத்துப்போகாதீர்கள். காட்டுக்குள் நடையும் படியுமாக முட்டியைப் பதம் பார்த்துவிடும். நண்டைப் பார்க்க அவர் காரைவிட்டு இறங்கவே தேவையில்லை.

கார் கட்டாயம், பொதுப் பேருந்தை நம்பமுடியாது. மேற்குப் பக்க மண்சாலைகளுக்கு நான்கு சக்கர இழுவை வண்டியாக எடுங்கள். சிங்கப்பூர் உரிமமே செல்லும், இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். நண்டுக் காலத்தில் சில சாலைகளை மூடிவிடுவார்கள். மூடாத சாலையில் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து, இலை கூட்டும் வாருகோலால் நண்டுகளை மெல்ல ஒதுக்க, பின்னால் வண்டி ஊரும். அரைக் கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டால், காட்டுக்குள் சருகில் மழை தூறுவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மழை இருக்காது. அத்தனையும் நண்டுக்கால். உங்கள் மகளை இந்த வேலைக்கு அமர்த்துங்கள். அவளுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். சீன, மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன; தோஃபு, கங்கோங் கீரை கிடைக்கும், "பெலாச்சான் (இறால் விழுது) வேண்டாம்" என்று மாமியாரை மலாயில் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் பச்சைக் காய்கறி கப்பலிலும் விமானத்திலும் வருவது. நவம்பருக்குப் பிறகு கடல் கொந்தளித்தால் கப்பலால் ஃபிளையிங் ஃபிஷ் கோவ் என்ற சிறு விரிகுடாவில் சரக்கு இறக்கமுடியாது, கடையில் அடுக்குகள் காலியாகும். கீரை விலையை நம் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையோடு ஒப்பிட்டால் சாப்பாடே இறங்காது. சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பருப்பு, ரசப்பொடி, அப்பளம் எல்லாவற்றையும் பெர்த்தில் உள்ள இந்திய மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்தே மூட்டை கட்டினால் பெர்த்தில் உயிரிப்பாதுகாப்பு அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் கூடாது; பொட்டல உணவு இருந்தால் அட்டையில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். குறிக்காமல் மாட்டினால் அபராதம் பலமாக இருக்கும்.

கைப்பேசி இணைப்பு குடியிருப்பைத் தாண்டினால் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். பணம் ஆஸ்திரேலிய டாலர்.

கடைசியாக, நண்டு கடிக்குமா என்று மகள் கேட்பாள். சிவப்பு நண்டு வழியை மறித்தால் கொடுக்கைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அவளை எச்சரிக்கவேண்டியது வேறொன்றைப் பற்றி: கொள்ளைக்கார நண்டு. நான்கு கிலோ வரை வளரும், தேங்காயை உரிக்கும் கொடுக்கு. சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, சாலையில் குறுக்கே வந்தால் நின்று வழிவிடவேண்டும். இரவில் வாசலில் எதை விட்டாலும் இழுத்துக்கொண்டு போகும். நம் பழக்கப்படி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒன்று மட்டும் இருந்தது. மற்றது வேலிக்கு அப்பால் கிடைத்தது, வார் அறுந்து. அந்தத் தீவில் செருப்பு வாங்குவதும் சுலபமில்லை.