விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் எவ்வளவு குறையும்? வகுப்பில் எளிதாகச் செய்து காட்ட முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வருடா வருடம் இதைச் செய்து காட்டுகிறேன். ஒரு டார்ச் பல்பு, இரண்டு செல், கெட்டி அட்டை, கிராஃப் தாள் போதும்.

அட்டையில் 1 செ.மீ. பக்கமுள்ள சதுர ஓட்டை வெட்டி, பல்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். கிராஃப் தாளை ஓட்டையோடு ஒட்டிப் பிடித்தால் வெளிச்சம் ஒரு பெரிய கட்டத்தில் அடங்கும். தாளைப் பல்பிலிருந்து 20 செ.மீ.க்குத் தள்ளினால் 4 கட்டம். இங்கே நிறுத்தி, 30 செ.மீ.யில் எத்தனை வரும் என்று கேளுங்கள். 6 என்பார்கள், 8 என்பார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். 9! அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

ஓட்டை வழியாக வந்த ஒளி அதேதான். ஒரு கட்டத்துக்கு இருந்ததை இப்போது ஒன்பது கட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். கெப்ளர் 1604-லேயே இதை எழுதிவிட்டார்.

இரண்டு இடங்களில் சோதனை கெடும். ஒன்று, டார்ச்சை அப்படியே பயன்படுத்துவது. அதிலுள்ள குழி ஆடி ஒளியைக் குவித்து அனுப்புவதால் கணக்கு ஒத்துவராது; முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது. பல்பை மட்டும் கழற்றி எடுங்கள். இன்னொன்று, தூரத்தை அட்டையிலிருந்து அளப்பது. ஸ்கேலின் பூஜ்யம் பல்பின் இழைக்கு நேராக இருக்க வேண்டும்.

கட்டம் எண்ணுவது பரப்பைத்தான் காட்டுகிறது, வெளிச்சம் குறைந்ததை எப்படி நம்புவது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பன்சனின் வழி இருக்கிறது (பன்சன் பர்னர் என்கிறோமே, அதே பன்சன்). வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, தாளை நிமிர்த்திப் பிடியுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கம் 20 செ.மீ.யில் ஒரு மெழுகுவத்தி, மறுபக்கம் 40 செ.மீ.யில் நான்கு மெழுகுவத்திகளை நெருக்கமாக வையுங்கள். இரு பக்கமும் ஒரே வெளிச்சம் விழுவதால் எண்ணெய்க் கறை ஏறக்குறைய மறைந்துவிடும். நான்கில் ஒன்றை ஊதி அணைத்துப் பாருங்கள், கறை திரும்பவும் தெரியும். மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.