மறு: லீன் கோப்புகள் இணைத்தும் ஆராய்ச்சிப் பணிக்குப் பதில் வரவில்லை

கணித நிறுவல்களை எழுதிக் கணினியால் சரிபார்க்க உதவும் லீன் மொழியில் எழுதிய கோப்புகளை இணைத்தும் விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை, முதுகலைப் பட்டம் மட்டும் இருப்பதுதான் தடையோ என்று கேட்டிருந்தீர்கள். அது தடையன்று. ஐரோப்பாவில் தானியங்கித் தேற்ற நிறுவலுக்கான (கணிதத் தேற்றங்களைக் கணினி கொண்டு நிறுவும் துறை) முனைவர் பட்ட இடங்கள் பலவும் சம்பளத்துடன் கூடிய வேலைகளாகவே விளம்பரமாகின்றன. பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய ஆறு விண்ணப்பங்களும் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கான பணிகளுக்கே சென்றிருக்கின்றன.

இன்னொரு காரணம் அந்தக் கோப்புகளாகவே இருக்கலாம். அவை லீன் 3-இல் எழுதப்பட்டவை என்கிறீர்கள். லீனின் பொதுக் கணித நூலகமான மேத்லிப் 2023-இல் லீன் 4-க்கு முழுமையாக மாற்றப்பட்டுவிட்டதால், மதிப்பிடுபவர் இன்றைய பதிப்பில் திறந்தால் அவை ஓடா.

1. லீன் 4-க்கு மாற்றியபின், வேறொரு கணினியில் புதிதாக இறக்கி கோப்புகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் 'லேக் பில்ட்' (lake build) கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

2. பிழை வரவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நிறுவலை முடிக்காமல் 'சாரி' (sorry) என்று எழுதிவைத்த இடங்களை லீன் வெறும் எச்சரிக்கையோடு கடந்துவிடும் (பெயர் பொருத்தம்தான்). முதன்மைத் தேற்றத்தின்மீது அது எந்த அடிகோள்களைச் சார்ந்திருக்கிறது எனக் காட்டும் 'பிரிண்ட் ஆக்சியம்ஸ்' (#print axioms) கட்டளையை இட்டால், துணைத் தேற்றங்களில் ஒளிந்திருப்பதும் வெளிப்படும்.

எல்லாக் குழுக்களும் லீனையே சார்ந்தவை அல்ல. பிராகாவிலுள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, மிசார் என்னும் கணித நிறுவல் நூலகத்தையும் 'ஈ' (E) என்னும் தானியங்கி நிறுவல் மென்பொருளையும் கொண்டு இயந்திரக் கற்றல் ஆய்வு செய்துவருகிறது; அத்தகைய இடத்துக்கு, எந்த முற்கோள்கள் (ஏற்கெனவே உள்ள தேற்றங்கள், வரையறைகள்) ஒரு நிறுவலுக்கு உதவும் எனக் கணிக்கும் சிறு சோதனையொன்றே பொருத்தமான மாதிரி.