பசுமைக் கட்டடம் சோறு போடுமா, காக்கா?

காக்கா (உங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்), உங்கள் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். மகள் பசுமைக் கட்டடம், அதாவது கட்டடத்தின் சூட்டையும் கரண்ட் செலவையும் குறைப்பது, அதற்கான விதிமுறை என்று படிக்கப் போகிறேன் என்கிறாள். இதில் பிழைப்பு நடக்குமா, சிவில் இன்ஜினியரிங்கே போதாதா என்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். மேற்குச் சுவர் முழுக்க நீலக் கண்ணாடி. மதியம் மூன்று மணிக்கு ஏசியை 18-ல் வைத்தும் திரைச்சீலை கைக்குச் சுட்டது. வெளியே அவுட்டோர் யூனிட்டின் தகடு உப்புக்காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. உங்கள் கீழக்கரைப் பழைய வீடுகளில் தடித்த சுவரும் முற்றமும் பார்த்துக்கொண்ட வேலையை அங்கே கரண்ட் பில் பார்த்துக்கொண்டிருக்கிறது. வரைபடத்திலேயே அந்தக் கண்ணாடியைக் குறைக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

சொல்வதற்கு விதியும் இருக்கிறது. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்காக எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2017-ல் புதுப்பிக்கப்பட்டது. அது சொல்லும் அளவுகளை அப்படியே பின்பற்றும் நேர்வழியில் போனால் கண்ணாடி, வெளிச்சுவர்ப் பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சின்ன லாட்ஜ் இதில் சிக்காதுதான். ஆனால் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அந்த 100 கிலோவாட் வரம்பைக் குறைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டிருக்கிறது. நம் கரையில் இதோடு, கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளும் சேரும். இரண்டுமே 2019-ல் வந்தவை. இவற்றைச் சேர்த்துப் படித்து, உரிமையாளருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, படிப்பு. வரைவதில் ஆசை என்றால் பி.ஆர்க் (கட்டடக்கலை): ஐந்து வருடம், நாட்டா (NATA) நுழைவுத் தேர்வு. ஊர், நிலம், சட்டம் பிடிக்கும் என்றால் பி.பிளானிங் (நகரத் திட்டமிடல்): நாலு வருடம், ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். மாடிப்படிக் கணக்கில் மேஸ்திரியின் தப்பைப் பிடித்தாள் என்றீர்களே, அந்தப் பிள்ளைக்கு சிவிலோ மெக்கானிக்கலோ கூடச் சரிதான். ஏசி கணக்கு முழுக்க மெக்கானிக்கல்காரர்கள் கையில் இருக்கிறது. இன்ஜினியரிங் முடித்து மூன்று வருட அனுபவம் வந்ததும், எரிசக்தி எங்கே வீணாகிறது என்று கணக்கெடுக்கும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு எழுதலாம். இப்போதே ஆயிரக்கணக்கில் கட்டி ஆன்லைன் சான்றிதழ் எதுவும் வாங்க வேண்டாம்.

ராமநாதபுரத்திலேயே வேலை என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சென்னை, பெங்களூரு. அப்புறம், உங்கள் குடும்பத்துக்கு வளைகுடா தூரமா என்ன? அபுதாபியில் எஸ்திதாமா என்ற திட்டத்தின் பசுமைக் கட்டடத் தரமதிப்பீடு 2010 முதலே இருக்கிறது.

ஞாயிறு மாலை கூப்பிடுங்கள். போனை மகளிடம் கொடுங்கள், நான் அவளிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.