மூடிய கிணற்றில் கண்ணில்லாத வெள்ளைப் பூச்சி

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பத்து வருடத்துக்கு முன் கொங்கிறீட் மூடி போட்டு மூடினோம். இப்போது தண்ணீரில் கூனி இறால் போல வளைந்த வெள்ளைப் பூச்சிகள் வருகின்றன. கண்ணே தெரியவில்லை. இருட்டில் இருந்து கண் போய்விட்டதா? தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: பத்து வருட இருட்டுக்கு எந்தப் பூச்சியின் கண்ணும் போகாது. உண்மையிலேயே கண் இல்லையென்றால், அவை நிலத்தடி நீரில் பரம்பரையாக வாழும் இறால் வகையின் சிறு உறவுகள். மணல் இடுக்கிலிருந்து கிணற்றுக்குள் வந்திருக்கின்றன.

சுலோவேனியாவின் பொஸ்தொய்னா குகையில் அசெல்லஸ் அக்குவாற்றிக்கஸ் என்ற, இறாலின் உறவான சிறு நீர்ப்பூச்சி வெளிறி, கண் மங்கிக் கிடக்கிறது. வெளியே ஓடைகளில் அதே இனம் கறுத்த உடலோடும் கண்ணோடும் திரிகிறது. குகைப் பூச்சியை வெளிச்சத்தில் வளர்த்தாலும் நிறம் திரும்பாது, ஏனென்றால் மாற்றம் மரபணுவில். கண்ணைப் பராமரிக்கச் சக்தி செலவாகும். இருட்டில் கண் கெட்டாலும் நட்டமில்லை, எனவே கெட்ட மரபணு தலைமுறைகளாகத் தங்கிவிடுகிறது. பதிலுக்கு உணர்கொம்பு நீளும், மணம் பிடிக்கும் மயிர்கள் வளரும். மேலிருந்து கசிந்துவரும் அழுகலும் பக்டீரியாவுமே சாப்பாடு என்பதால் உடல் மெதுவாக இயங்கும், ஆயுள் கூடும். குளத்தில் வாழும் சைக்கிளொப்ஸ் என்ற தூசியளவு நீர்ப்பூச்சி பத்துக்கணக்கில் முட்டை சுமக்க, நிலத்தடி இனங்கள் பல ஒருசில பெரிய முட்டைகளோடு நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் வெளிறியதெல்லாம் நிலத்தடி இனமல்ல. கறுப்புத் தட்டில் ஊற்றி 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். வெட்டி வெட்டி நீந்தும் தூசியளவுப் பூச்சியின் நெற்றியில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி இருந்தால் அது சாதாரணச் சைக்கிளொப்ஸ். உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் படமெடுத்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் போட்டால் அந்தச் சிவப்பு மங்கி, எல்லாமே குருடாகத் தெரியும். இனம் அறியக் கொடுப்பதானால் பிறகு 95% மதுசாரத்தில் போடலாம். பம்பிலிருந்து வடித்தெடுக்க வேண்டாம்: காலும் கொம்பும் ஒடிந்தால் இனம் சொல்வது கஷ்டம். நுண்வலையில் கல் கட்டி அடிவரை இறக்கி, ஒரு மீற்றர் உயரத்துக்கு 10 தடவை ஏற்றி இறக்குங்கள். அடிமண் கலங்கினால்தான் அகப்படும்.

குடிப்பதைப் பற்றி: பூச்சி இருப்பது தண்ணீர் சுத்தம் என்பதற்கும் அசுத்தம் என்பதற்கும் சாட்சியல்ல. கொழும்பில் பயப்பட வேண்டியது பக்கத்து மலக்குழிக்குத்தான். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஈ.கோலை (மலக்கலப்பைக் காட்டும் பக்டீரியா) சோதனை செய்வியுங்கள். அதுவரை நாலாக மடித்த துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். துணி பூச்சியைத்தான் பிடிக்கும், கிருமியை அல்ல. வழக்கமான குளோரின் அளவுக்குச் சைக்கிளொப்ஸ் எளிதில் சாகாது. மழைக்குப் பிறகு சிவப்புப் புள்ளிக்காரர் திடீரெனப் பெருகினால் மூடியின் விளிம்பையும் சுற்றுத்தளத்தையும் பாருங்கள். வெடிப்பு வழியே மேல்நீர் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.