டர்போவைக் கழற்றும் முன் பிரீதர் ஹோஸைப் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து: டர்போ பெட்ரோல் கார், 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா அண்ணே?

கொஞ்சம் பொறுங்கள். ஹோஸுக்குள் விரலை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிற அளவு ஆயில் சகஜம்தான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்புக்குள் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும் வாயு, அதாவது பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்போமே அது, எப்படியாவது வெளியேறியாக வேண்டும். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) உறிஞ்சல் இருப்பதால் பிசிவி வால்வு, அதாவது இந்த வாயுவை அளவாக விடும் வால்வு, வழியாக அங்கே போய்விடும். நீங்கள் மிதித்து டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும், ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு இன்னொரு ஹோஸ், அதாவது பிரீதர் ஹோஸ், வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே போய்ச் சேரும். கூடவே ஆயில் துளியும் கொஞ்சம் போகும்.

ஹோஸைச் சாய்த்தால் ஊற்றுகிற அளவு ஆயில் இருந்தால்தான் கவலை. அப்போதும் குற்றவாளி டர்போ என்று முடிவு கட்ட வேண்டாம். டர்போவுக்குள் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது. திரும்புவதோ வெறும் சரிவில், தானாக வடிந்துதான். செக் வால்வு பழுதாகியோ பிரீதர் அடைத்தோ சம்புக்குள் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் நின்றுபோகும். டர்போ தண்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, மெல்லிய உலோக ரிங். தேங்கும் ஆயிலை அது தடுக்காது, கசிந்து எரிந்தால் நீலப் புகைதான்.

நானே இதில் சூடு பட்டவன். ஒரு டீசல் காருக்குப் புது டர்போ போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே புகையோடு வாசலில் வந்து நின்றது. டேப்பட் கவரில் (என்ஜின் தலைமேல் இருக்கும் மூடி) வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பிரிப்பானைத் திறந்தால், பதநீர்ப் பாகு அடிப்பிடித்த மாதிரி கறுப்புப் பிசின். வாய் வைத்து ஊதினேன், காற்றே போகவில்லை. கவரையும் ஹோஸையும் மாற்றியதும் புகை நின்றது. கழற்றிய பழைய டர்போ இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. முதலில் ஹோஸ், செக் வால்வு, அப்புறம் ஆயில் வடிகால் குழாய், கடைசியாகத்தான் டர்போ.

ராமநாதபுரத்திலிருந்து: வாடகைக்கு ஓட்டும் டீசல் கார், ராமேசுவரம்–மதுரை நடை. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது, மூடியை மேலே வைத்தால் குதிக்கிறது. என்ஜினை இறக்கச் சொல்கிறார்கள்.

மூடி குதித்ததற்காக என்ஜினை இறக்கக் கூடாது. நல்ல டீசல் என்ஜினிலும் கொஞ்சம் ஆவி வரும், மூடியும் ஆடும். ஒன்றரை மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூபை 'யு' வடிவில் வளைத்துக் கட்டி, உள்ளே ஒரு சாண் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டி, ஆயில் மூடியை மூடி, ஐடிலில் மட்டும் ஓட விடுங்கள். தண்ணீர் என்ஜின் பக்கம் லேசாக ஏறினால் நல்லது. வெளிப்பக்கம் தள்ளினால் பிரீதரைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் தள்ளினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டர் என்று எண் கையில் வந்த பிறகு என்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

தொண்டியிலிருந்து: ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போச்சா?

டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறதா, கூலன்ட் குறையாமல் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் பயம் வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறு பங்கு சம்புக்கும் இறங்கும். மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வருவதோடு சரி என்றால் ஆயில் சூடேறாது, ஈரம் வெளியேறாமல் ஆயிலோடு கலந்து மூடியில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை ஈசிஆரில் அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

மண்டபத்திலிருந்து: ஐடிலில் விசில் சத்தம், ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. ஆயில் மூடியை இழுத்தாலும் வர மறுக்கிறது.

பிசிவி வால்வின் டயஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மேனிஃபோல்டின் உறிஞ்சல் கட்டுப்பாடில்லாமல் சம்பு வரை போகிறது, அதனால்தான் மூடி ஒட்டிக்கொள்கிறது. சில கார்களில் டயஃப்ரம் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் டேப்பட் கவரோடுதான். எதற்கும் ஹோஸ் கிளிப்புகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்த கிளிப்பும் ஆர்பிஎம்மை இப்படி ஆட்டும்.

ராமேசுவரத்திலிருந்து: கேட்ச் கேன் போடலாமா? நண்பன் பிரீதர் ஹோஸைக் கழற்றி, நுனியில் சின்ன ஃபில்டர் மாட்டிவிட்டால் போதும் என்கிறான்.

கேட்ச் கேன் என்பது பிரீதர் வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா. போடலாம், வாரன்டி போகாதா என்று கேட்டுக்கொண்டு. உள்ளே தடுப்புத் தகடு இருக்க வேண்டும், வெறும் டப்பா ஆயிலைப் பிடிக்காது. கேனிலிருந்து வெளிவரும் ஹோஸ் மறுபடி இன்டேக்குக்கே போக வேண்டும். நண்பன் சொல்வதைச் செய்யாதீர்கள். இந்த வாயுவை வெளியே விட பெட்ரோல் காருக்கு விதி இடம் தராது. காருக்குள் நாற்றம் வேறு. அதைவிட, தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறப்பது உங்களுக்குத் தெரியாததா? ஆயில் நனைந்த அந்தச் சின்ன ஃபில்டரில் மணல் அப்பிக்கொண்டால் என்ஜின் மூச்சு முட்டும், அப்புறம் மேலே கீழக்கரைக்காரர் கதைதான்.

துபாயிலிருந்து, ஊர் ஏர்வாடி: சூப்பர்சார்ஜர் காருக்கும் இதே கணக்கா?

இதேதான். பெல்ட்டில் சுற்றுவதால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே அழுத்தம் ஏறும், செக் வால்வுக்கு வேலை இன்னும் அதிகம். கழற்றி இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்றுப் போக வேண்டும்.