22 ரூல் போட்டும் குரூப்ல சண்டை ஓயல, என்ன பண்றது?

கேள்வி: புத்தகம் பத்திப் பேசுற ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். 30 பேரோட ஆரம்பிச்சது, இப்ப 240 பேர். காலையில குட் மார்னிங் படம், மத்தியானம் ஃபார்வர்டு, ராத்திரியானா சண்டை. 22 ரூல் எழுதிப் போட்டேன், யாரும் படிக்கல. பழைய ஆளுங்க சத்தமில்லாம வெளிய போயிட்டிருக்காங்க. என்ன பண்ணட்டும்? – ஒரு வாசகி

பதில்: சத்தமில்லாம போறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. சண்டை போடுறவங்க போக மாட்டாங்க, ஒழுங்கா படிச்சிட்டு வந்து நாலு வரி எழுதுறவங்கதான் முதல்ல கிளம்புவாங்க, ரூலே அவங்களுக்காகத்தான்.

22 வேண்டாம்மா, போன்ல ஒரே பார்வையில படிச்சு முடிக்கிற மாதிரி அஞ்சாறு வரி போதும். முதல் வரியில இந்த குரூப் எதுக்குன்னு எழுதிடுங்க, "படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேச மட்டும்"னு சொல்லிட்டா குட் மார்னிங்குக்கும் விளம்பரத்துக்கும் தனித்தனியா ரூல் தேவைப்படாது. அப்புறம் "மரியாதையா பேசவும்"னு மொட்டையா எழுதாதீங்க, சண்டை போடுற ஒவ்வொருத்தரும் தான் மரியாதையாத்தான் பேசுறோம்னு நம்பிக்கிட்டிருப்பாங்க. "புத்தகத்தைத் திட்டலாம், அது புடிச்சிருக்குன்னு சொன்னவரைத் திட்டக் கூடாது"ன்னு எழுதுங்க, கோடு எங்க இருக்குன்னு அப்பதான் தெரியும்.

1995லயே ஆர்எஃப்சி 1855னு இன்டர்நெட் நாகரிகத்துக்கு ஒரு கையேடு வந்துச்சு, கோவத்துல எழுதுற பதிலை ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்புங்கன்னு அதுல இருக்கு. வாட்ஸ்அப்ல அவ்ளோ நேரம் யாரு பொறுப்பாங்க, அதனால அந்த ராத்திரியை நீங்கதான் குடுக்கணும். வாக்குவாதம் முத்துதுன்னா அட்மின் மட்டும் மெசேஜ் போடுற செட்டிங்கை ஆன் பண்ணி, "காலையில 8 மணிக்குத் திறக்குறேன்"னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே 8 மணிக்குத் திறந்துடுங்க.

ரூலை மீறுனவர்கிட்ட முதல் தடவை தனியா பேசுங்க, எந்த மெசேஜ், எந்த ரூல்னு காட்டி. எல்லார் முன்னாடியும் சொன்னா அவருக்கு அது மானப் பிரச்சனை ஆயிடும், அப்புறம் நீங்க சொல்றது எதுவும் காதுல ஏறாது. ரெண்டாவது தடவை எச்சரிக்கை, மூணாவது தடவை நீக்கம், இந்த வரிசையையும் ரூல்லயே எழுதிடுங்க.

கஷ்டமான இடம் எதுன்னா நம்ம ஃப்ரெண்டு மீறும்போதுதான். நான் ஒரு குரூப் நடத்துனப்ப நெருங்குன ஃப்ரெண்டு போட்ட ஃபார்வர்டை கண்டுக்காம விட்டேன், அடுத்த வாரம் புதுசா வந்த ஒருத்தர் அதே மாதிரி போட்டதை டிலீட் பண்ணேன். அவர் ரெண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்து எனக்கு அனுப்புனாரு, பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க முதல் 30 பேர்தான் உங்களுக்கும் சோதனை, முடிஞ்சா அவங்கள்ல இல்லாத ஒருத்தரை ரெண்டாவது அட்மினா போடுங்க.

புது ரூலை உடனே போட்றாதீங்க, குரூப்ல வச்சு மூணு நாள் கருத்து கேளுங்க. அதுக்கும் முன்னாடி வெளிய போனவங்களுக்கு தனித்தனியா மெசேஜ் பண்ணி எந்த நாள்ல எதைப் பாத்து போகணும்னு தோணுச்சுன்னு கேளுங்க, திரும்பி வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாம கேளுங்க.